பட்டாணி நாலு காலில் நிற்கிறான்

குண்டசாலை,
2025 ஜூலை 19, சனிக்கிழமை, காலை 9.40.
எண்ணிக்கை: நாலு.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இந்த வரியை எல்லாரும் பழக்கத்தில் எழுதிவிட்டுப் போவார்கள், நான் இன்று காலை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மேலே போட்ட நாலு என்பது பட்டாணி தரையில் ஊன்றி நிற்கும் கால்களின் எண்ணிக்கை. நாயென்றால் நாலு காலில்தானே நிற்கும், இதை ஏன் இந்த மனுஷன் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஜூன் பத்தாம் திகதியில் இருந்து போன கிழமை வரை அவன் மூன்று காலில்தான் நின்றான், அதுவும் நின்ற நேரத்தைவிடப் படுத்த நேரம்தான் கூட. அதை உன்னிடம் மறைத்தோம். நீ வீடியோவில் அழைத்த நேரமெல்லாம் அம்மா போனை அவன் மூஞ்சிக்கு நேரே பிடித்தது ஆசையில் இல்லை, கால் தெரியக் கூடாது என்றுதான். ஏன் எந்நேரமும் படுத்தே கிடக்கிறான் என்று நீ கேட்டதற்கு வெயில் என்று சொன்னது நான். அன்றைக்குக் கண்டியில் விடாமல் மழை. உனக்கு ஜூலை ஆறாம் திகதி அந்த நாட்டுப் பாஷைப் பரீட்சை இருந்தது, அது முடியும்வரை சொல்லக் கூடாது என்று தீர்மானித்தது நான், அம்மாவுக்கு அதில் சம்மதமே இல்லை, ஆகவே திட்டுவதென்றால் என்னைத் திட்டு. பரீட்சை முடிந்த பிறகும் சொல்லவில்லை, ஏனென்றால் அவன் எழும்புவானா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கோபப்படுவேன், அம்மா பாதியில் போனைப் பறிப்பாள், ஒரு விஷயமும் ஒழுங்காகப் போய்ச் சேராது. என்னோடு வேலை செய்யும் கணபதி அண்ணனின் தங்கை மகன் செவ்வாய்க்கிழமை நகோயாவுக்கு வருகிறான், அவன் கையில் தரும் பார்சலில் இதை மிளகாய்த்தூள் பைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வாசிக்கும்போது கண் எரிந்தால் அது தூள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், அவன் நன்றாக இருக்கிறான், ஆகவே பயப்படாமல் வாசி.

ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன், நடுவில் இருந்து சொன்னால் உனக்கு விளங்காது. நீ போவதற்கு முன் வளர்த்தால் பெரிய நாய்தான் என்று பிடிவாதம் பிடித்தாய். அப்பா லிப்ட் பழுது பார்க்க ஹோட்டல் ஹோட்டலாக நேரங்கெட்ட நேரத்தில் ஓடுகிறவர், அம்மா தனியாக இருப்பாள், சின்ன நாய் குரைத்தால் பக்கத்து வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது என்றாய். சரி. முதலில் நீ கேட்டது செயின்ட் பெர்னார்ட். பனிமலையில் வேலை செய்யப் பிறந்த நாயை மார்ச் மாதத்துக் கண்டியில் வளர்ப்பது, ஒருவனுக்குக் கம்பளிக் கோட்டைப் போட்டுவிட்டு பேக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது மாதிரி, நான் மாட்டேன் என்றேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு மாஸ்டிப் என்றாய், அது ஒழுக்கும் எச்சில் ஓட வீட்டுக்குள்ளே கான் வெட்ட வேண்டும் என்றேன், அதற்கு ஒரு நாள். கடைசியில் கிரேட் டேனில் வந்து நின்றோம். குட்டை முடி, சூட்டைத் தாங்கும், மனுஷரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், வீட்டுக்குள் சோம்பேறி, கேட்டில் சும்மா நின்றாலே போதும். கெட்டது இரண்டு. அந்த இனத்துக்கு வயிறு ஊதி முறுகும் வியாதி வரும், வந்தால் சில மணித்தியாலத்தில் ஆளை முடித்துவிடும். மற்றது ஆயுசு குறைவு, எட்டு ஒன்பது வருஷம்தான். இரண்டையும் அப்போதே சொன்னேன், நீ காதைப் பொத்திக்கொண்டாய். வத்தேகமப் பக்கம் அந்த வளர்ப்பு வீட்டுக்குப் போனபோது குட்டிகளைக் காட்ட வந்த மனுஷனை நிறுத்தி, முதலில் தாயை வெளியே விடுங்கள், அது நடக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேனே, வெட்கமாக இருக்கிறது என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். தகப்பன் நாய் ஏழு வயசிலும் படியேறுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நான் குட்டிகளிடம் போனேன். நடுத்தரமான ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். அதற்குள் அம்மா எல்லாவற்றிலும் பெரியதைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, இதுதான் நல்லா சாப்பிடுற புள்ள என்றாள். கரு மூஞ்சி, மண் நிறம், கால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுத் தடிப்பு. அந்த உருவத்துக்கு நீ பட்டாணி என்று பேர் வைத்தாய். பதிவு செய்கிற இடத்தில் அந்த மனுஷன் இரண்டாம் தரமும் பேரைக் கேட்டார்.

ஏப்ரலில் உன்னைக் கட்டுநாயக்கவில் விமானம் ஏற்றிவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது அவன் உன் அறைக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான். அன்றைக்கும் அடுத்த நாளும் தட்டைத் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. மூன்றாம் நாள் அவனுக்குப் பசி வந்துவிட்டது, முழுத்தட்டையும் வழித்தான், அம்மா அதற்குப் பிறகும் ஒரு கிழமை தேத்தண்ணியில் ஓட்டினாள். இதை உனக்குச் சொன்னதே இல்லை. கேட்டுக்கு வெளியே கால் வைக்க மாட்டாள், சந்தைக்குப் போக மாட்டாள், யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் உள்ளே போய்விடுவாள். நான் பேசிப் பார்த்தேன், எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், கத்தத்தான் வரும். பட்டாணிதான் அவளை வெளியே இழுத்தான், பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முதலில் ஒழுங்கை முனை, பிறகு சந்தி, பிறகு ஆற்றுப் பக்கம். ஆட்கள் நாயைப் பார்த்து நிற்பார்கள், இது நாயா கன்றுக்குட்டியா என்பார்கள், அம்மா பதில் சொல்ல வேண்டி வரும். மே மாதக் கடைசியில் அவள் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு வந்து, வழியில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கதை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆகவே அவன் கால் மடங்கியபோது மடங்கியது ஒரு நாயின் கால் மட்டும் இல்லை, அதை நீ விளங்கிக்கொள்.

சாப்பாட்டுக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். காலை, பகல், மாலை என்று மூன்று தரம், பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கிற தீனி, அவித்த கோழி, கொஞ்சம் சோறு, கரட், எல்லாம் தராசில் நிறுத்து. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு ஓட்டமும் இல்லை துள்ளலும் இல்லை. அவன் நிறை நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பெருமை. கணபதி அண்ணனிடம் போனில் படம் காட்டி, கணக்குப் பண்ணிப் போட்டால் இப்படித்தான் வளரும் என்றேன். அவர் அடுத்த வருஷம் இவனை லிப்டுக்குள் ஏற்றினால் மற்ற ஆட்களை இறக்க வேண்டி வரும் என்றார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். போட்ட அளவுக்கு மேல் ஒரு பொருள் வளர்ந்தால் எங்கேயோ இருந்து கூடுதலாக வருகிறது என்றுதான் அர்த்தம்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் அவன் முன் வலது காலைத் தூக்கினான். சுளுக்கு என்று கட்டிப் போட்டேன். சுகமாகவில்லை. பெரிய எலும்புக்குச் சத்துப் போதவில்லை என்று நானே தீர்மானித்து கல்சியம் பொடி வாங்கிக் காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி போட்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. நாலைந்து நாளில் முன் கால் சரியாகிவிட்டது, பார்த்தாயா என்று அம்மாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, பின் இடது காலைத் தூக்கினான். பிறகு அது விட்டு முன் இடது. சுபா, நான் வேலைக்கு வருகிற புதுப் பொடியன்களுக்கு முதல் நாளே சொல்வது ஒன்று இருக்கிறது. பிழை ஒரே மாடியில் நின்றால் அந்த மாடிக் கதவைப் பார், பிழை மாடிக்கு மாடி மாறிக்கொண்டிருந்தால் கதவைக் கழற்றாதே, கீழே போய் சப்ளையைப் பார். இருபது வருஷமாகச் சொல்கிறேன். வீட்டில் பிழை காலுக்குக் கால் மாறுகிறது, நான் ஒவ்வொரு காலாகக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஜூன் இருபத்தோராம் திகதி காலையில் அவன் எழும்பவே இல்லை. உன் அறை வாசலில் படுத்தபடி அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டு, எங்களைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இருந்த மனுஷருக்குரிய வலி மாத்திரையை எடுத்தேன், அதையாவது கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று பேராதெனியப் பக்கம் இருக்கிற மிருக டொக்டருக்குப் போன் போட்டேன், அவர் மாத்திரையை வீசிவிட்டு நாயை உடனே கொண்டுவாருங்கோ என்றார். அது நாய்க்கு நஞ்சாகலாமாம். நீ எங்கே எந்த நாயை வளர்த்தாலும் இதை மறக்காதே.

கொண்டு போவது எப்படி? த்ரீவீலுக்குள் அவன் தலை மட்டும்தான் போகும். இரண்டு வாடகை வான்காரர் நாயென்றதும் மாட்டோம் என்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பளீல் நானா அன்றைக்கு அக்குறணையில் இருக்கும் தன் ஹார்ட்வெயார் கடைக்குப் போகச் சின்னப் பட்டா லொறியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றவர், அம்மா அழுகிற சத்தம் கேட்டு வந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை, எப்படிக் கேட்பது, நாயின் ஈரம் பட்டால் அவர்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. அவர் லொறியில் இருந்த பெயின்ட் வாளிகளை இறக்கி வாசலில் அடுக்கிவிட்டு, தார்ப்பாயை விரித்துவிட்டு, என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, பிடிங்க அந்தப் பக்கம் என்றார். நீங்க தொட வேணாம் நானா, நான் பாத்துக்கிறேன் என்றேன். அம்பது கிலோவுக்கு மேல இருக்கிறத நீங்க ஒத்தையா தூக்கிட்டு பொறகு ஒங்களையும் நான்தான் தூக்கணும் என்றார். ஒரு பெட்ஷீட்டில் வைத்து இருவரும் தூக்கினோம். அந்த மடையன், வலியில் முனகிக்கொண்டே நானாவின் கையை முழங்கை வரை நக்கிவிட்டான். நானா கையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தண்ணி இருக்குது மண்ணும் இருக்குது, கணக்கு எனக்கும் அல்லாஹ்வுக்கும், நீங்க லொறியில ஏறுங்க என்றார். அவர் மனைவி அனீஸா ஆன்ட்டி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பரிதாபத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, எனக்கு அப்போது விளங்கவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன்னைவிட ஆறேழு வயசுதான் கூட இருக்கும், பயம் என்பதே இல்லை. தராசில் அவனை நிறுத்தால் ஐம்பத்துநாலு. ஏழு மாசத்துக்கு இது ஒன்பது பத்துக் கிலோ கூட என்றார். என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள் என்று கேட்டார். நான் கிராம் கணக்கோடு ஒப்பித்தேன். அவர் எழுதவில்லை. இதைச் சாப்பிட்டு இப்பிடி வர ஏலாது, திருப்பிச் சொல்லுங்கோ என்றார். எனக்குக் கோபம் வந்தது, நிறுத்துப் போடுகிறவன் நான் என்றேன். வேறை என்ன குடுக்கிறனீங்கள் என்றார். கல்சியம் என்றேன். அதை எழுதினார். அப்போது அம்மா நாயின் காதைத் தடவிக்கொண்டே, யாருக்கோ சொல்வது மாதிரி, காலையில ஒரு டம்ளர் பாலும் ரெண்டு முட்டையும் என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். வளர்ற புள்ளைக்கு வெறும் தண்ணியா குடுக்குறது என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். டொக்டர் அதையும் எழுதினார். நானா கதவுக்கு வெளியே நின்றவர், இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டு, அப்ப நாங்க குடுக்கிறதும் சொல்லணுமா டொக்டர் என்றார்.

அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. நீ போன மறுநாள் அம்மா சுவரோரம் நின்று பட்டாணி சாப்பிடவில்லை என்று அனீஸா ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கிறாள். வாயில்லாத சீவன் பட்டினி கிடக்குதே என்று ஆன்ட்டி மாட்டிறைச்சித் துண்டும் சோறும் அவித்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுச் சுவருக்கு மேலால் தந்திருக்கிறார். அவன் அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டான். நம் வீட்டுக் குசினிக்குள் மாட்டிறைச்சி வராது, அம்மா அந்த விஷயத்தில் எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் வெளிக் குழாயடியில் நாய் தின்பது குசினி ஆகாது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள். நாய் தின்ற டப்பா திரும்பிப் போகாது, ஆனால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, அன்று பின்னேரமே ஒரு பெட்டியில் உளுந்து வடை போயிருக்கிறது. வடை வந்த பெட்டியை வெறுமனே திருப்புவது எப்படி, அதில் வட்டிலாப்பம் வந்திருக்கிறது, கூடவே நாய்க்கும் ஒரு டப்பா. வட்டிலாப்பத்துக்குப் பதில் பால்சோறு, கூடவே ஒரு டப்பா. இப்படியே இரண்டரை மாசம், ஒரு நாள் தவறாமல். பெருநாள் இரண்டு நாளும் எலும்பும் ஈரலுமாக நாலு டப்பாவாம். போதும் என்று அம்மா சொல்லவில்லை, கொடுக்கிறவர்களிடம் எப்படிப் போதும் என்பது. நிறுத்தலாமா என்று ஆன்ட்டி கேட்கவில்லை, கேட்டால் கணக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்களே. நானாவுக்குத் தெரியும், மாட்டிறைச்சி விஷயத்தை எங்கள் முன்னால் எடுப்பது மரியாதை இல்லை என்று பேசாமல் இருந்திருக்கிறார். தங்கமான மனுஷர்கள் எல்லாரும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒருவர் மனம் ஒருவர் நோகக் கூடாது என்று அந்த நாயைக் கொன்றுகொண்டிருந்தோம்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, நீங்கள் நாயைக் கொண்டுவந்தனீங்களோ மாப்பிளையைக் கொண்டுவந்தனீங்களோ என்று கேட்டார். நான் அம்மாவிடமும் நானாவிடமும் பாய்வதற்கு வாயைத் திறந்தேன். முதலில் உங்கடை கல்சியத்தை நிப்பாட்டுங்கோ, மூண்டிலையும் மோசம் அதுதான், பிறகு மற்றவையோடை சண்டை பிடிக்கலாம் என்றார். வாயை மூடினேன். பிறகு அவர் சிரிக்காமல் பேசினார். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம், ஒன்று வேகமாக வளரும் எலும்புக்குள் வரும் அழற்சி, அது காலுக்குக் கால் மாறும், தானாகப் போய்விடும். மற்றது மூட்டோ எலும்பின் வளரும் நுனியோ கெட்டு வளைந்திருப்பது, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். கெட்டிருந்தால் என்று கேட்டேன். அவர் பட்டாணியின் முதுகைத் தடவினார். நேராகச் சொல்லுங்கள் என்றேன். சின்ன நாய் என்றால் ஆயுளுக்கும் தூக்கித் திரியலாம், இந்த அளவான ஒன்று தன்னைத் தானே சுமக்க ஏலாது என்றால் நாங்கள் அதுக்குச் செய்யிற உதவி ஒண்டுதான் இருக்கு என்றார். அம்மா காதைத் தடவுவதை நிறுத்தவில்லை. நானா சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை வாசிக்கிற மாதிரி நின்றார். அவனை எக்ஸ்ரேக்கு உள்ளே எடுத்த பிறகு நான் உனக்கு என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்றும் யோசித்தேன். அவள் அந்தக் கதிரையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த விதம், ஏப்ரலில் உன் கட்டிலில் உட்கார்ந்திருந்த அதே விதம்.

படத்தை வெளிச்சத்தில் வைத்து டொக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். எலும்புக் குழாய்க்குள்ளே வெள்ளையாக மேகம் மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. இதுதான் முதல் சொன்னது, அழற்சி, மூட்டு எல்லாம் சுத்தம், நுனியும் நேர் என்றார். என் பாஷையில் சொன்னால், ஈரம் காயாத கொங்கிரீட்டில் மேல் மாடியை ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான், தூண் உடையவில்லை. நல்லா வருவானா என்று கேட்டேன். பாரத்தைக் குறைச்சு ஆறுதலாக வளர விட்டீங்கள் எண்டால் வருவான், உங்களுக்கு ஆறுதல் எண்டால் என்னவெண்டு தெரியுமோ தெரியாது என்றார். அம்மா அப்போதுதான் அழுதாள். நான் வெளியே போய் லொறியின் பின் கதவுக் கொளுக்கியைப் பூட்டினேன், திறந்தேன், திரும்பவும் பூட்டினேன், கைக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வருகிற வழியில் கெட்டம்பேயில் நானா லொறியை ஓரங்கட்டி மூன்று தேத்தண்ணி சொன்னார். பாதித் தேத்தண்ணியில் நானா தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, தங்கச்சி அனுப்புற வடையில நானும் மூணு கிலோ ஏறிட்டேன், என்னைய எக்ஸ்ரே எடுக்கல்லியே என்றார். அம்மா சிரித்தாள். ஏழு தரம் கழுவியதை அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாக எண்ணி எனக்குக் கேட்கச் செய்தார், நான் இந்தப் பக்கம் நின்று, நாலாவதில் மண் போட்டீங்களா என்று கேட்டேன், அது முதலாவதிலேயே முடிஞ்சுது, ஒங்கட வேலையப் பாருங்க என்றார்.

ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் அன்றைக்கே பஞ்சாயத்து நடந்தது. நான்தான் போதும்னு சொல்லாம விட்டேன் என்று அம்மா. நீங்க அந்தப் பெட்டிய ஒரு நாளாவது வெறும் பெட்டியா திருப்பித் தந்திருந்தா நான் நிப்பாட்டியிருப்பேன், வடை வந்தா மனுஷர் எப்படி நிப்பாட்டுறது என்று ஆன்ட்டி. இரண்டு பேரும் மாறி மாறித் தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்வதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை, டொக்டரிடம் கேட்டு ஒரு தீர்ப்புச் சொன்னேன். பகல் சாப்பாடு இனி ஆன்ட்டியுடையது. எலும்பில்லாமல், கொழுப்பில்லாமல், உப்பும் மிளகும் போடாமல் அவித்தது, என் தராசில் நிறுத்து, ஒரே ஒரு டப்பா. அது என்ன இறைச்சி என்று நான் கேட்கப் போவதில்லை, அம்மாவும் சொல்லப் போவதில்லை, குழாயடியைத் தாண்டி வராமல் இருந்தால் சரி. பெட்டிகள் தங்கள் பாட்டில் போகட்டும் வரட்டும், அது மனுஷர் சாப்பாடு, எனக்கு அதிகாரம் இல்லை. மூன்று கிழமை அவனை நடத்தாமல், படியேற விடாமல், நல்ல தடிப்பான தும்பு மெத்தையில் வைத்து, நாய்க்குரிய மருந்தை நேரத்துக்குக் கொடுத்தோம். நிறை இப்போது ஐம்பது. போன சனிக்கிழமை மருந்தை நிறுத்தினோம். வலி திரும்ப வரும் என்று நான் அன்று வேலைக்குப் போகவில்லை, கதிரையைப் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் அம்மா கேட்டைத் திறந்த சத்தம் கேட்டு எழும்பினான், சோம்பல் முறித்தான், நாலு காலையும் ஊன்றி நடந்து போய் அவள் பின்னால் நின்றான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, அவன் மூச்சு முதுகில் பட்டதில் தெரிந்துகொண்டாள். ஒழுங்கை முனைவரை போய்விட்டுத் திரும்பினார்கள். இன்னும் இரண்டொரு தரம் நொண்டக் கூடும், ஒன்றரை வயசுவரை அப்படி வந்து போகலாம், பயப்பட ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

மற்றபடி இங்கே புதினம் பெரிதாக இல்லை. முன் கூரையில் ஒழுக்கு, இந்த மழை விட்டதும் பார்ப்பேன். நாவலப்பிட்டி மாமா காலைக் காட்டப் போய்ச் சீனி வியாதி இருக்கிறது என்று தெரிந்து திரும்பியிருக்கிறார், இனிப்பை விடச் சொன்னால் டொக்டரை மாற்றப் போகிறாராம். எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது, உன் சிநேகிதி ஷஹ்மா இன்னமும் என்னை உன் அண்ணன் என்று நினைத்துப் பேசுகிறாள், அம்மாவுக்கு அதில் கோபம். நீ மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள், நீ போனைத் தூரமாகப் பிடிப்பதால் அப்படித் தெரிகிறது என்று நான் சொல்கிறேன், யார் சரி என்பதை நீயே எழுது, பொய் எழுதாதே, இந்த வீட்டில் அது போதுமான அளவு நடந்துவிட்டது. பகுதி நேர வேலையில் இரவு முறையைக் கிழமைக்கு இரண்டுக்கு மேல் எடுக்காதே. சைக்கிளில் போகும்போது போனைப் பார்க்காதே, அங்கே தண்டம் என்பதற்காக இல்லை, உன் தலை ஒன்றுதான். பார்சலில் அம்மா பதினொரு கிலோ வைத்தாள், நான் ஆறாகக் குறைத்தேன், அவள் பார்க்காத நேரம் பார்த்து நெத்தலிக் கருவாட்டை மட்டும் திரும்ப உள்ளே வைத்தேன்.

படிப்பு முடிந்து வர உனக்கு நாலு வருஷம், அப்போது அவனுக்கும் நாலரை வயசு, பாதி ஆயுசு மிச்சம் இருக்கும். ஆகவே வருகிறதைப் பின்போடாதே. எது வந்தாலும் தைரியமாக இரு, உடம்பு நோகாமல், மனசு நோகாமல், நினைத்தது கைகூட அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். அனீஸா ஆன்ட்டியும் தன் தொழுகையில் உன் பேரைச் சொல்கிறாராம், இப்போது பட்டாணியின் பேரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நானாவிடம் கேட்டிருக்கிறார்.

உன் அப்பா,
ம. சந்திரகுமார்

இனி நான் செய்யப் போவது:

1. கல்சியம் பொடி மிச்சத்தை இன்றே கத்தரிக்காய்ப் பாத்திக்குப் போடுவேன்.

2. ஒவ்வொரு ஞாயிறும் அவனை நிறுப்பேன், விலா எலும்பைக் கையால் தடவிப் பார்ப்பேன். தராசைவிடக் கை பொய் சொல்லாது என்று டொக்டர் சொன்னார், எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் செய்வேன்.

3. பின் வாசல் மூன்று படியையும் உடைத்துச் சாய்தளம் போடுவேன். அதற்குச் சாமான் பளீல் நானா கடையில்.

4. அம்மா தரும் ஒரு முட்டையைக் காணாதது மாதிரி இருப்பேன். இரண்டாவதைக் காண்பேன்.

5. பெரிய இன நாய்க்கு வயிறு ஊதினால் இரவோ பகலோ ஓட வேண்டும், ஆகவே நானாவிடம் லொறி ஓட்டப் பழகுவேன், ஒவ்வொரு தரமும் அவர் கழுவ வேண்டியதில்லை.

6. இந்தக் கடிதம் கிடைத்த அன்று நீ அழைப்பாய். அம்மாவிடம் இருந்து போனை வாங்கி நானே பிடிப்பேன். அவன் மூஞ்சி தெரியாது, குறை சொல்லாதே. முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன், நீ எண்ணு.